பொட்டாஷ் உரத்துல எது வாங்கலாம்? சிவப்பு, வெள்ளை, 0-0-50, 13-0-45 எல்லாம் டிரம்முல கரைச்சுப் பார்த்த ரிவ்யூ

கம்பம் பள்ளத்தாக்குல வாழையும் பன்னீர் திராட்சையும் வெச்சிருக்கேன், வரப்போரம் கொஞ்சம் தென்னை, எல்லாத்துக்கும் சொட்டுநீர்தான். உரக்கடையில போய் பொட்டாஷ் வேணும்னு கேட்டா இப்பல்லாம் நாலஞ்சு விதமான மூட்டையை எடுத்துக் காட்டுறாங்க, விலை ஒண்ணுக்கொண்ணு மலைக்கும் மடுவுக்கும் இருக்கு, எது எதுக்குன்னு கடைக்காரருக்கே பல நேரம் சொல்லத் தெரியல. நம்ம ஆளுங்க பெரும்பாலும் மூட்டை மேல இருக்கிற நம்பரைப் பார்த்துட்டு 60 பெருசா 50 பெருசான்னு முடிவு பண்ணிடுறாங்க. அந்த நம்பர் சொல்றது பாதிதான். மீதி பாதி அந்த உப்பு தண்ணியில இறங்கினதும் என்ன பண்ணுதுங்கிறதுல இருக்கு, அதை யாரும் மூட்டையில அச்சடிக்கிறது இல்ல. அதனாலதான் இந்த ரிவ்யூ. கம்பெனி பேர் எதுவும் போடல, ஏன்னா ஒரே உப்பு பத்து கம்பெனி சாக்குல வருது, உப்பைப் புரிஞ்சுக்கிட்டா சாக்கு தானா புரிஞ்சிடும்.

முதல்ல அடிப்படை ஒண்ணு. பொட்டாசியம் குளோரைடோ சல்பேட்டோ நைட்ரேட்டோ, எதைத் தண்ணியில போட்டாலும் அது ரெண்டா பிரிஞ்சிடும், ஒரு பக்கம் பொட்டாசியம் அயனி, இன்னொரு பக்கம் அதோட ஜோடி. பிரிஞ்சு தண்ணி மூலக்கூறு சுத்தி நின்னதுக்கு அப்புறம் அந்த பொட்டாசியம் எந்த மூட்டையில இருந்து வந்துச்சுன்னு வேருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம், எல்லாம் ஒரே பொட்டாசியம்தான். மாப்பிள்ளை ஒருத்தர்தான், கூட வர்ற தோழன்தான் மூட்டைக்கு மூட்டை வேற. அந்தத் தோழன் குளோரைடா சல்பேட்டா நைட்ரேட்டா பாஸ்பேட்டாங்கிறதுதான் எவ்வளவு கரையும், எவ்வளவு வேகமா கரையும், எதோட சேரக்கூடாது, எந்தப் பயிருக்கு ஆகாதுன்னு எல்லாத்தையும் முடிவு பண்ணுது. "இம்போர்ட்டட் பொட்டாஷ் சார், நல்லா ஏறும்"னு யாராவது சொன்னா சிரிச்சிட்டு நகர்ந்துடுங்க. எம்ஓபி, அதாவது கடையில சாதாரணமா கிடைக்கிற பொட்டாசியம் குளோரைடு, மொத்தமே இம்போர்ட்தான், வெட்டி எடுக்க நம்ம நாட்டுல ஓடுற பொட்டாஷ் சுரங்கம் கிடையாது, கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல்னு கப்பல்லதான் வருது.

இன்னொண்ணு அந்த நம்பர். 13-0-45னு மூணு நம்பர் இருந்தா அது வரிசையா தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து (பொட்டாஷ்). எம்ஓபி மூட்டையில 60னு போட்டிருக்கிறது பொட்டாசியம் 60 இல்ல, பொட்டாசியம் ஆக்சைடு கணக்குல 60. உள்ள ஆக்சைடுன்னு ஒரு துளி கூட கிடையாது, பழைய காலத்துக் கணக்கு முறை அது, உலகம் பூரா அப்படியே ஓடிட்டு இருக்கு. அசல் பொட்டாசியம் வேணும்னா 0.83ஆல பெருக்கிக்கங்க. 60க்கு 50 வரும், அப்போ 50 கிலோ மூட்டையில 25 கிலோ பொட்டாசியம். எல்லா மூட்டைக்கும் இதே கணக்குங்கிறதால ஒப்பிட்டுப் பார்க்க குழப்பம் வராது.

சரி, சிவப்பு பொட்டாஷ், அதாவது சிவப்பு நிற எம்ஓபி. விலை குறைவு, மானியம் இருக்கு, 50 கிலோ மூட்டை. ஒரு கண்ணாடி டம்ளர்ல ஒரு ஸ்பூன் போட்டு கலக்கிப் பாருங்க, உப்பு கரைஞ்சிடும், தண்ணி செங்கல் கரைச்ச மாதிரி கலங்கலா நிக்கும், மேல ஒரு சிவப்பு ஆடை மிதக்கும், அரை மணி நேரம் விட்டா அடியில மெல்லிசா செம்மண் படியும். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு, பாறையிலயே உப்புப் படிகத்துக்குள்ள மாட்டிக்கிட்டு வர்றது. பயிருக்குக் கெடுதல் கிடையாது, ஆனா கரையவே கரையாது. மேல மிதக்கிறதுக்குக் காரணம், சுரங்கத்துல உப்பைப் பிரிக்கும்போதும் கட்டி தட்டாம இருக்கவும் எண்ணெய்ப் பசையுள்ள பொருள் சேர்க்கிறாங்க, அது ஒட்டின துகள் நனையாம மேல நிக்குது. வென்சுரில (சொட்டுநீர்க் குழாயில உரக் கரைசலை உறிஞ்சி விடுற கருவி) இதைவிட்டா டிஸ்க் பில்டர் சீக்கிரம் செவந்து அடைச்சுக்கும், பில்டர்ல தப்பினது டிரிப்பர் ஓட்டையில போய் உக்காரும், ஆசிட் விட்டாலும் லேசுல போகாது. அதனால சொட்டுநீருக்கு சிவப்பு வேண்டவே வேண்டாம், எவ்வளவு மலிவா இருந்தாலும். ஆனா தென்னைக்கு வட்டப்பாத்தியில போட்டு மூடுறதுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. மரத்துக்கு வருஷத்துக்கு 2 கிலோ வரை பரிந்துரை இருக்கு, ரெண்டு தடவையா பிரிச்சுப் போடலாம், கூட வர்ற குளோரைடும் தென்னைக்கு நல்லதே பண்ணும், மத்த பயிருக்கு தொல்லையா இருக்கிற குளோரைடைத் தென்னை விரும்பி எடுத்துக்கும். தென்னைக்குப் போய் விலை ஜாஸ்தியான எஸ்ஓபியை (பொட்டாசியம் சல்பேட்) வாங்கிப் போடுறவங்களைப் பார்த்தா எனக்கு மனசு ஆறாது.

வெள்ளை பொட்டாஷ், இதுவும் அதே பொட்டாசியம் குளோரைடுதான், ஆனா இது வெள்ளையா இருக்கிற காரணத்தைத் தெரிஞ்சுக்கிட்டா ஒரு நல்ல வேதியியல் பாடமே கிடைக்கும். பாறையில பொட்டாசியம் குளோரைடும் நம்ம சாப்பாட்டு உப்பும் கலந்தே கிடக்கும். சாப்பாட்டு உப்பு பச்சைத் தண்ணியிலயும் கொதிக்கிற தண்ணியிலயும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கரையும், 100 மில்லிக்கு 36 கிராமுல இருந்து 39 கிராம் வரைக்கும், அவ்வளவுதான். பொட்டாசியம் குளோரைடு அப்படி இல்ல, 0 டிகிரியில 28 கிராம், 20 டிகிரியில 34, 100 டிகிரியில 56. அப்போ சூடான கரைசல்ல பொட்டாஷை ஏத்திக்கிட்டு, மண்ணையும் இரும்பையும் வடிகட்டிட்டு, ஆற விட்டா சாப்பாட்டு உப்பு கரைசல்லயே தங்கிடும், பொட்டாஷ் மட்டும் வெள்ளை வெளேர்னு படிகமா கீழ இறங்கும். கனடாவுல ஒரு சில இடத்துல ஆளே இறங்காம பூமிக்குள்ள தண்ணியை இறக்கி கரைச்சு மேல இழுக்கிறாங்க. சாக்கடல் பக்கம் வெயில்லயே பாத்தி கட்டி காய வைக்கிறாங்க, அங்கயும் முதல்ல சாப்பாட்டு உப்பு விழுந்துடும், அப்புறம்தான் பொட்டாசியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்னலைட் விழும், அதுல இருந்து பொட்டாஷ் எடுக்கிறாங்க. எல்லாமே எது எந்தச் சூட்டுல எவ்வளவு கரையும்ங்கிற ஒரே விஷயத்தை வெச்சு நடக்கிற வேலை.

வெள்ளை பொட்டாஷை 200 லிட்டர் டிரம்முல 25 கிலோ போட்டா கலக்கிக் கொடுத்த கொஞ்ச நேரத்துல அடி தெரியும், தண்ணி லேசா மங்கல், அவ்வளவுதான், பில்டர் சுத்தமா இருக்கும். கரைசலோட பிஎச் மாறாது, குளோரைடு அமிலப் பக்கமும் இழுக்காது காரப் பக்கமும் இழுக்காது, உங்க போர் தண்ணி 7.8னா கரைச்ச பிறகும் கிட்டத்தட்ட அதேதான். வாழைக்கு நான் இதைத்தான் விடுறேன், குலை தள்ளுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் கொஞ்சமா. காசுக்கு ஏத்த பொருள்னு கேட்டா இந்த மொத்த வரிசையில இதுக்குத்தான் என் ஓட்டு. மார்க் போடணும்னா பத்துக்கு ஒன்பது, அந்த ஒரு மார்க் குறைச்சது குளோரைடுக்காக.

அந்த குளோரைடு விஷயத்தைச் சொல்லணும். திராட்சை, புகையிலை, ஸ்ட்ராபெர்ரி, பீன்ஸ், எலுமிச்சை வகை இதெல்லாம் குளோரைடு தாங்காத பயிர், ஜாஸ்தி ஆனா இலை ஓரம் தீஞ்ச மாதிரி பழுப்பாகி உள்ள பக்கம் ஏறும். புகையிலையில குளோரைடு ஏறினா இலை சரியா எரியவே எரியாது, அதனால அங்க எம்ஓபியைத் தொடவே மாட்டாங்க. உங்க போர் தண்ணியே உப்பா இருந்தா அதுல ஏற்கனவே குளோரைடு இருக்கு, அதுக்கு மேல நீங்களும் ஊத்துறீங்கன்னு ஞாபகம் வெச்சுக்கங்க. ஈசி மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பை மின்கடத்தலை வெச்சு அளக்கிற கருவி) வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு சுவாரசியமான விஷயம், அந்த மீட்டரை சரி பார்க்கக் கொடுக்கிற 1413னு எழுதின சின்ன பாக்கெட் இருக்கு பாருங்க, அந்தக் கரைசலே பொட்டாசியம் குளோரைடுதான், லிட்டருக்கு முக்கால் கிராம், 25 டிகிரியில அது 1413 மைக்ரோசீமென்ஸ் காட்டணும். அதாவது லிட்டருக்கு ஒரு கிராம் கூட போடாத எம்ஓபியே மீட்டரை 1.4 மில்லிசீமென்ஸுக்குத் தூக்கிடும். இளம் கன்னுக்கும் நாத்துக்கும் அள்ளி விட்டா வேர் தண்ணி இழுக்க முடியாம வாடும், நிலம் ஈரமாத்தான் இருக்கும், செடி மட்டும் வாடி நிக்கும்.

அடுத்தது எஸ்ஓபி, எல்லாரும் ஜீரோ ஜீரோ ஐம்பதுன்னு சொல்றது. பொட்டாசியம் சல்பேட். 50 பொட்டாஷ், கூடவே கந்தகச் சத்து, குளோரைடு மிகமிகக் குறைவு. திராட்சைக்கு இதுதான், காய் நிறம் எடுக்கிற நேரத்துல தழைச்சத்து இல்லாம பொட்டாஷ் மட்டும் கொடுக்கணும்னா வேற நல்ல வழி இல்ல. சரக்கு அருமை, ஆனா தண்ணியில இதோட குணம் தெரியாம வாங்குறவங்கதான் ஜாஸ்தி திட்டுறாங்க.

20 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணியில வெள்ளை பொட்டாஷ் 340 கிராம் கரையும், எஸ்ஓபி வெறும் 110 கிராம்தான் கரையும். இதை டிரம்முக்கு மாத்திப் பாருங்க. 200 லிட்டருக்கு 22 கிலோதான் அதோட எல்லை, அதுவும் நாள் முழுக்க கலக்கினா. மூட்டை எவ்வளவு? 25 கிலோ. எங்க ஊர்ல பாதி பேரு மூட்டையைப் பிரிச்சு ஒரே டிரம்முல கொட்டிட்டு, அடியில கிடக்கிற வெள்ளை மணலைப் பார்த்துட்டு "டூப்ளிகேட் கொடுத்துட்டான்"னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறாங்க. டூப்ளிகேட் இல்லீங்க, தண்ணி பத்தல. 30 டிகிரி தண்ணியில கூட 130 கிராமுக்கு மேல ஏறாது, கொதிக்க வெச்சாலும் 240ஐத் தாண்டாது. நான் 200 லிட்டருக்கு பன்னிரண்டரை கிலோவுக்கு மேல போடுறது இல்ல, சீக்கிரமா கரையும், அடியில எதுவும் நிக்காது. ஒரு மூட்டையை ரெண்டு டிரம்மா விட்டாப் போதும், இதுல என்ன கஷ்டம் இருக்கு.

கணக்கா பார்த்தா ஒரு லிட்டர் நிறைஞ்ச கரைசல்ல வெள்ளை பொட்டாஷ் 200 கிராமுக்கு மேல பொட்டாஷ் சுமக்கும், எஸ்ஓபி 55 கிராம்தான் சுமக்கும். நாலுல ஒரு பங்கு. பெரிய தோட்டம், சின்ன டேங்க் வெச்சிருக்கிறவங்க இதை யோசிச்சு வாங்கணும்.

எஸ்ஓபியில ரெண்டு தரம் வருது, குருணையா வர்றது மண்ணுல போடுறதுக்கு, மாவு மாதிரி வர்றது சொட்டுநீருக்கும் இலைத் தெளிப்புக்கும். குருணையை டிரம்முல போட்டா சாயந்திரம் வரைக்கும் கலக்கணும். கடையில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல அடுக்கியிருக்கும், ரெண்டுலயும் 50னுதான் இருக்கும், சாக்கைத் தொட்டுப் பார்த்து வாங்குங்க. இலைக்குத் தெளிக்க லிட்டருக்கு 15, 20 கிராம்தான், அது எல்லைக்கு ரொம்பக் கீழ, ஒரு பிரச்சனையும் வராது.

இன்னொண்ணு, இதை ஒரு யோசனையா பல பேர் பண்றாங்க, எஸ்ஓபி விலை ஜாஸ்தின்னு பாதி எஸ்ஓபி பாதி வெள்ளை பொட்டாஷ் ஒரே டிரம்முல கலக்குறது. வேலைக்கு ஆகாது. வெள்ளை பொட்டாஷ் கரைஞ்சு தண்ணியில ஏற்கனவே பொட்டாசியம் நிறைஞ்சு நின்னா, எஸ்ஓபி உடைஞ்சு இன்னும் பொட்டாசியத்தை விடுறதுக்கு இடம் குறையும், அதோட 110 கிராம் எல்லை இன்னும் கீழ இறங்கும், தெளிஞ்சு நின்ன எஸ்ஓபி கரைசல்ல கூட வெள்ளை பொட்டாஷைக் கொட்டினா எஸ்ஓபி திரும்ப படிகமா வெளிய விழும். 13-0-45 கலந்தாலும் அதே கதைதான். கரையுற உப்பு கரையாததைத் தள்ளிவிடும். தனித்தனியா வேற வேற நாள்ல விட்டுக்கங்க.

இப்ப 13-0-45, பொட்டாசியம் நைட்ரேட். நம்ம பெரியவங்க வெடியுப்புன்னு சொல்வாங்க. இது எனக்குப் பிடிச்ச உப்பு, பயிருக்காக மட்டும் இல்ல, தண்ணியில இது காட்டுற குணத்துக்காக. ஒரு பக்கெட்ல 10 லிட்டர் தண்ணி எடுத்து ஒரு கிலோ போட்டு கையால கலக்குங்க, கை சில்லுனு ஆகும், கொஞ்ச நேரத்துல பக்கெட் வெளிப்பக்கம் வேர்க்க ஆரம்பிக்கும். படிகத்தை உடைக்க வேண்டிய சக்தி, தண்ணி அயனியைச் சுத்திக்கிட்டு திருப்பிக் கொடுக்கிற சக்தியை விட ஜாஸ்தி, அந்தக் குறையை தண்ணியோட சூட்டுல இருந்தே எடுத்துக்குது. 100 லிட்டர்ல 10 கிலோ கரைச்சா தண்ணி சுமார் 8 டிகிரி குளிரும். வெள்ளை பொட்டாஷுக்கு அதே அளவுல 5 டிகிரி, எஸ்ஓபிக்கு 3 டிகிரி.

இதுல மாட்டிக்கிற இடம் என்னன்னா, இதே உப்புதான் சூட்டை ரொம்ப நம்பி இருக்கிற உப்பு. 100 மில்லி தண்ணியில 30 டிகிரியில 45 கிராம் கரையும், 20ல 31, 10ல 21, 0ல வெறும் 13, அதுவே கொதிக்கிற தண்ணியில 246 கிராம். அப்போ நீங்க மதியம் வெயில்ல அடர்த்தியா கரைக்கப் பார்த்தா, கரையக் கரைய தண்ணி குளிருது, குளிரக் குளிர கரையுறது நிக்குது. அடியில நிக்கிறதைப் பார்த்து சரக்கைக் குறை சொல்லக்கூடாது, வெயில்ல ஒரு மணி நேரம் விட்டுட்டு திரும்பக் கலக்கினா தானா போயிடும். கருப்பு டியூப்ல வெயில் பட்டு சூடான தண்ணியைப் பிடிச்சு கரைச்சா இன்னும் சுலபம். அதே மாதிரி மார்கழி தையில சாயந்திரமே கெட்டியா கரைச்சு வெச்சுட்டு காலையில வந்து பார்த்தா டிரம் அடியில ஊசி ஊசியா கண்ணாடி மாதிரி படிகம் நிக்கும், பார்க்க அவ்வளவு அழகா இருக்கும், ஆனா அதை அப்படியே விட்டா மேல இருக்கிற வாழைக்கு கம்மியா போகும், கடைசியில விடுற வரிசைக்கு ஜாஸ்தியா போகும். குளிர் மாசத்துல 100 லிட்டருக்கு 10, 12 கிலோவோட நிறுத்திக்கங்க.

இந்தக் குணத்தை வெச்சே ஒரு காலத்துல பெரிய வியாபாரமே நடந்திருக்கு. பீகார்ல ஊரோரத்து உப்பு மண்ணைத் தண்ணியில ஊற வெச்சு வடிச்சு, காய்ச்சி, ஆற வெச்சா வெடியுப்பு ஊசியா இறங்கும், சாப்பாட்டு உப்பு கரைசல்லயே நிக்கும். 17ஆம் நூற்றாண்டுல டச்சுக்காரனும் வெள்ளைக்காரனும் பாட்னாவுல உக்காந்து இதை வாங்கிக் கப்பல் ஏத்தினாங்க, எல்லாம் துப்பாக்கி மருந்துக்கு. ஒரு லேப் இல்லாம, தெர்மாமீட்டர் இல்லாம, அடுப்பையும் பானையையும் வெச்சு ரெண்டு உப்பைப் பிரிச்ச அந்தத் தொழிலாளிங்களோட கைவேலையை நினைச்சா எனக்கு பெரிய மரியாதை வருது.

பயிர்ல பார்த்தா 13-0-45 தழைச்சத்தும் சாம்பல் சத்தும் ஒண்ணா கொடுக்கும், குளோரைடு தொல்லை இல்லை, சல்பேட் தொல்லையும் இல்லை, மாமரம் பூக்க அடம் பிடிச்சா 1 சதம் தெளிக்கிறதும் இதுதான். விலைதான் அடி. வாழைக்கு தோப்பு பூரா இதையே விடுறது வீண் செலவு, தழைச்சத்துக்கு யூரியா இருக்கு, பொட்டாஷுக்கு வெள்ளை இருக்கு, ரெண்டும் சேர்ந்தாலும் பாதி காசு ஆகாது. திராட்சைக்கு காய் வளர்ற நேரத்துல நல்லது, நிறம் எடுக்கிற நேரத்துல வேண்டாம், தழை கூடி நிறம் தள்ளிப் போகும்.

இப்ப முக்கியமானது, கால்சியம். எங்க பக்கத்து ஒரு கடையில, பேர் வேண்டாம், "அண்ணே கால்சியம் நைட்ரேட்டையும் 0-0-50யும் ஒண்ணா டிரம்முல போட்டு விட்டுடுங்க, ஒரு நாள் வேலை மிச்சம்"னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தாங்க. நம்பாதீங்க, நம்புறதுக்கு முன்னாடி ஒரு தண்ணி பாட்டில்ல செஞ்சு பாருங்க. ஒரு டம்ளர்ல எஸ்ஓபி கரைச்சு தெளிய வைங்க, இன்னொரு டம்ளர்ல கால்சியம் நைட்ரேட் கரைங்க, ரெண்டும் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். ரெண்டையும் ஒரே பாட்டில்ல ஊத்தின கொஞ்ச நேரத்துல பால் மாதிரி வெளுத்துடும், ஒரு மணி நேரத்துல அடியில வெள்ளை மாவு உக்காரும். அது ஜிப்சம். பொட்டாசியமும் நைட்ரேட்டும் தண்ணியிலயே சுகமா சுத்தும், ஆனா சல்பேட்டும் கால்சியமும் ஒண்ணைப் பார்த்தா கட்டிக்கிட்டு கீழ விழுந்துடும், ஏன்னா ஜிப்சம் லிட்டருக்கு ரெண்டரை கிராம்கூட முழுசா கரையாத உப்பு. இதுல கொடுமை என்னன்னா, போர் தண்ணியால வர்ற சுண்ணாம்புப் படிவை ஆசிட் விட்டு கரைச்சிடலாம், ஜிப்சம் ஆசிட்டுக்கு பெருசா மசியாது. லேட்டரல், அதாவது செடி வரிசையில ஓடுற சொட்டுநீர்க் குழாய், அடைச்சா மாத்துறதுதான். காசு போட்டு வாங்கின கால்சியமும் போச்சு, கந்தகமும் போச்சு, குழாயும் போச்சு.

13-0-45ஐ கால்சியம் நைட்ரேட்டோட தாராளமா சேர்க்கலாம், ரெண்டு பக்கமும் நைட்ரேட்தான், விழுறதுக்கு ஒண்ணும் இல்ல. வெள்ளை பொட்டாஷும் அப்படியே. சேரக்கூடாதது சல்பேட்டும் பாஸ்பேட்டும். அதனால ஜீரோ அம்பத்திரண்டு முப்பத்திநாலு, அதாவது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், இதையும் கால்சியத்தோட சேர்க்காதீங்க, இது ஜிப்சத்தை விட மோசமா கெட்டியா விழும். மத்தபடி அது அழகான உப்பு, லிட்டருக்கு 220 கிராம் வரை கரையும், கரைசல் 4.5 பிஎச் கிட்ட அமிலமா நிக்கும், ஏன்னா அந்தப் பாஸ்பேட் கிட்ட தண்ணிக்குக் கொடுக்க இன்னும் ஹைட்ரஜன் மிச்சம் இருக்கு. கார போர் தண்ணி உள்ளவங்களுக்கு இது ஒரு லாபம். விலை கேட்டா தலை சுத்தும், பூக்கிற நேரத்துக்கு இலைத் தெளிப்போட நிறுத்திக்கலாம்.

இதுக்கு நேர் எதிர் விறகுச் சாம்பல். மாடித் தோட்டம் வெச்சிருக்கிறவங்க சாம்பல் தண்ணி ஊத்துறாங்க, அதுல இருக்கிறது பொட்டாசியம் கார்பனேட், லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல கரையுற உப்பு, ஆனா கார்பனேட் தண்ணிகிட்ட இருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கும், கரைசல் கடுமையான காரமாகும், விரல்ல தொட்டா வழவழன்னு இருக்கும். ஏற்கனவே கார மண்ணு இருக்கிற தொட்டிக்கு அதை வாரா வாரம் ஊத்தினா இரும்புச் சத்து கிடைக்காம இலை மஞ்சளடிக்கும். புளிப்பு மண்ணுக்கு நல்லது, மத்ததுக்கு ஒரு கைப்பிடியோட நிறுத்துங்க. கரும்பு ஆலைப் பக்கம் மொலாசஸ் பொட்டாஷ்னு 14.5 சதத்துல ஒண்ணு வருது, 2021ல மானியத்துலயும் சேர்த்தாங்க, மண்ணுல போட சரி, சொட்டுநீருக்கு கிட்டவே கொண்டு வராதீங்க.

வைக்கிற இடம். வெள்ளை பொட்டாஷும் எஸ்ஓபியும் கட்டை மேல அடுக்கி, ஈரம் படாம வெச்சா போதும். 13-0-45ஐ மட்டும் தனியா வைங்க, அது எரியாது, ஆனா எரியுற எதுக்கும் ஆக்சிஜன் கொடுக்கும், கந்தகத் தூள், டீசல், மரத்தூள், பழைய சாக்கு இதுங்க பக்கத்துல கண்டிப்பா வைக்காதீங்க. மோட்டார் ரூம்ல சல்பர் பாக்கெட் மேல வெடியுப்பு மூட்டையை அடுக்கி வெச்சிருக்கிறதை நான் பார்த்திருக்கேன், அந்த ரூம்லயே பீடியும் பத்த வைப்பாங்க. தயவு செஞ்சு பிரிச்சு வைங்க.

கடைசியா, வெள்ளை பொட்டாஷ்ல சாப்பாட்டு உப்பு கலந்து வருதோன்னு சந்தேகம் உள்ளவங்களுக்கு. சட்டப்படி, 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, எம்ஓபியில சோடியம் உப்பு 3.5 சதத்துக்கு மேல இருக்கக்கூடாது. கண்ணால பார்த்து ரெண்டையும் பிரிக்க முடியாது, ரெண்டும் வெள்ளை, ரெண்டும் கரையும். ஆனா ஒரு தெர்மாமீட்டர் இருந்தா ஒரு லிட்டர் தண்ணியோட சூட்டைக் குறிச்சுக்கிட்டு 100 கிராம் போட்டு வேகமா கலக்குங்க. பொட்டாஷ்னா 5 டிகிரி இறங்கும், சாப்பாட்டு உப்புன்னா ஒண்ணு ஒன்றரை டிகிரிக்கு மேல இறங்காது. ரெண்டு டிகிரியோட நின்னா மூட்டையைத் தைச்சு வெச்சுட்டு, பில்லோட வேளாண்மை ஆபீஸ்ல போய் சொல்லுங்க, அவங்க சாம்பிள் எடுத்து உரக் கட்டுப்பாட்டு லேபுக்கு அனுப்புவாங்க. பில் இல்லாம ஒரு கிலோ கூட வாங்காதீங்க.